கருவி செய்தது, ஆள் செய்தது

மகளைப் போன்ற என் இளைய வழக்கறிஞருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆயர் ஈத்தாமில் வக்கீல் அலுவலகம் திறந்த கையோடு வந்து சேர்ந்த கிரிமினல் கட்டுகளில் கத்தியும் இல்லை, கைரேகையும் இல்லை. ஒன்றில் வாட்ஸ்ஆப் ஸ்கிரீன்ஷாட், ஒன்றில் வங்கிக் கணக்கு அறிக்கை, ஒன்றில் கடைக் கேமராவின் பதிவு என்று எழுதியிருந்தாய். கூண்டில் நிற்கிற மனிதரைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரியும், அச்சுத் தாளை எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறாய். ஒரு பக்கத்தில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்.

உன் ஊர் இந்தப் பாடத்துக்குப் பொருத்தமான ஊர். நெடுஞ்சாலை வருமுன் கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் ஓடிய பஸ்களெல்லாம் நின்று போன சந்திப்பு அது. மேற்கே போனால் பத்து பகாட், கிழக்கே போனால் குளுவாங். இன்று அந்த வழியாகப் போகிறவர்களில் பலர் ஊருக்குள் இறங்குவதே இல்லை. ஆனால் இறங்காமலேயே தடயம் விட்டுப் போகிறார்கள். டோல் சாவடியில் டச் அன் கோ அட்டை ஒரு வரி எழுதுகிறது. நெடுஞ்சாலையில் பறக்கும் காருக்குள் இருக்கிற போன் பக்கத்துக் கோபுரத்தோடு பேசிவிட்டுப் போகிறது. பெட்ரோல் நிலையத்தில் வங்கி அட்டை, பூச்சட்டிக் கடை வாசலில் கேமரா. ஒரு வழக்கு என்று வந்தால் இவை எல்லாம் உன் மேசைக்கு வரும்.

இவற்றைப் பற்றி நான் உனக்குச் சொல்ல நினைப்பது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதன் கிளைகள். இந்தத் தடயங்கள் ஒவ்வொன்றும் ஒரு கருவி செய்த காரியத்தைச் சொல்கிறது. அட்டை சாவடியைக் கடந்தது. சிம் கோபுரத்தில் பதிந்தது. கணக்கில் பணம் ஏறியது, இறங்கியது. அதைச் செய்தவர் யார் என்ற கேள்விக்கு அவற்றில் எதுவும் பதில் சொல்வதில்லை. அந்தப் பதிலை வேறு யாரோ சேர்க்கிறார்கள்: புகார் கொடுத்தவரின் நம்பிக்கை சேர்க்கலாம், போலீஸ் விசாரணை அதிகாரியான ஐஓவின் ஊகம் சேர்க்கலாம், பல நேரம் சட்டத்தின் அனுமானமே சேர்த்துவிடுகிறது. எங்கே, யார், எப்படிச் சேர்த்தார்கள் என்று ஒவ்வொரு தாளிலும் தேடு. எதிர்த் தரப்பு வழக்கறிஞரின் வேலை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் 90ஏ. 1993 ஜூலையில் நம் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்துக்குள் 90ஏ, 90பி, 90சி மூன்றும் நுழைந்தன. அன்று கம்ப்யூட்டர் என்றால் வங்கியிலும் பெரிய நிறுவனங்களிலும் குளிரூட்டிய அறைக்குள் இருந்த பொருள். அதை நிர்வகிக்க ஒரு அதிகாரி இருப்பார் என்ற நினைப்பில் எழுதிய பிரிவு. கம்ப்யூட்டர் தன் வழக்கமான பயன்பாட்டில் உருவாக்கிய ஆவணத்தைச் சாட்சியமாக ஏற்கலாம், கொண்டுவருகிறவரே அதை உருவாக்கியிருக்க வேண்டியதில்லை என்கிறது. வழக்கமான பயன்பாடுதான் என்று காட்ட, அந்தக் கம்ப்யூட்டரின் இயக்கத்துக்குப் பொறுப்பானவர் ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டால் போதும். தனக்குத் தெரிந்தவரை, தான் நம்புகிறவரை என்று எழுதினாலே போதும். சான்றிதழ் வந்த மறு நொடியே 90ஏ(4) வேலை செய்கிறது: அந்தக் கம்ப்யூட்டர் அப்போது எல்லா வகையிலும் ஒழுங்காக இயங்கியது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும்.

இந்தப் பிரிவைப் புரிந்துகொள்ள மூன்று தீர்ப்புகளை முழுதாகப் படி, தலைக்குறிப்போடு நிறுத்திவிடாதே. 1997இல் வந்த ஞானசேகரன் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரே ஒரு வழக்கறிஞர், நம்பிக்கை மோசடிக் குற்றச்சாட்டு. வங்கிக் கம்ப்யூட்டரின் அச்சுக்குச் சான்றிதழ் இல்லையே என்ற வாதம் எழுந்தது. பொறுப்பிலிருக்கும் வங்கி அதிகாரியே கூண்டில் ஏறிச் சொல்லும்போது சான்றிதழ் எதற்கு என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

2006இல் ஹனாஃபி வழக்கு. 2000ஆம் ஆண்டு கிள்ளானில் பஸ்ஸில் ஏறிய ஓர் இளம்பெண்ணை ஓட்டுநரே கொன்ற வழக்கு அது. நாடே கொதித்தது உனக்கு நினைவிருக்காது, நீ குழந்தையாக இருந்திருப்பாய். அதில் ஒரு பஸ் டிக்கெட் சாட்சியமாக வந்தது. டிக்கெட் அடிக்கிற இயந்திரமும் சட்டத்தின் கண்ணில் கம்ப்யூட்டர்தான். வழக்கமான பயன்பாட்டைச் சான்றிதழாலோ வாய்மொழிச் சாட்சியத்தாலோ நிரூபித்தே ஆக வேண்டும். வழக்கமான பயன்பாட்டில் உருவானதாகக் கருதிக்கொள்ளச் சொல்கிற 90ஏ(6) இருக்கிறதே என்று அந்தப் படியைத் தாண்டிக் குதிக்க முடியாது என்று நீதிபதி அகஸ்டின் பால் எழுதினார். அவர் விசாரித்த அன்வார் இப்ராகிம் வழக்கை நினைத்து அவர் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறவர்கள் நம்மில் உண்டு. இருக்கட்டும். சாட்சியச் சட்டத்தில் அவர் எழுதியதைப் படிக்காமல் இந்த நாட்டில் கிரிமினல் வழக்கு நடத்த முடியாது.

மூன்றாவது, கூட்டரசு நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்த அகமட் நஜிப் வழக்கு. பங்சாரில் ஒரு பேரங்காடியின் கேமராப் பதிவு. சான்றிதழும் இல்லை, அதற்கு ஈடான வாய்மொழிச் சாட்சியமும் இல்லை. பதிவை ஏற்க முடியாது என்று ஒதுக்கினார்கள். ஆனால் மற்றச் சாட்சியங்களை வைத்துக் குற்றத் தீர்ப்பு அப்படியே நின்றது. இதை நினைவில் வை. 90ஏ ஆட்சேபணையில் ஜெயித்த சந்தோஷத்தில் வழக்கே ஜெயித்துவிட்டதாக நினைக்கிற இளையவர்கள் நிறையப் பேர். கேமராவைத் தள்ளிய பிறகு கட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று முதலிலேயே எண்ணிப் பார்.

ஆட்சேபணையைச் சொல்கிற நேரமும் முக்கியம். அரசுத் தரப்பு வழக்கறிஞரான டிபிபி தாளை நீட்டும்போதே எழுந்து நில். அடையாளத்துக்கு மட்டும் என்று பொருள்படும் ஐடி எண்ணை மட்டும் குறிக்கச் சொல். சாட்சியமாக ஏற்றதைக் காட்டும் பி எண் விழுந்த பிறகு, அதுவும் எல்லாச் சாட்சிகளும் முடிந்து கடைசி வாதத்தில் முதன்முதலாக அதைப் பற்றிப் பேசினால், மாஜிஸ்திரேட் பேனாவை மூடிவிடுவார்.

90பியை யாரும் படிப்பதில்லை. எனக்குப் பிடித்த பிரிவு அதுதான். 90ஏ கதவைத் திறந்து உள்ளே விடுகிறது. உள்ளே வந்த தாளுக்கு எவ்வளவு எடை என்பது 90பி. எந்த நோக்கத்தில், எந்த விதத்தில் உருவானது, சம்பவம் நடந்ததற்கும் தகவலை உள்ளே போட்டதற்கும் நடுவே எவ்வளவு நேரம், தகவலைக் கொடுத்தவருக்கோ வைத்திருந்தவருக்கோ மறைக்கவும் திரிக்கவும் காரணம் இருந்ததா என்று நீதிமன்றம் பார்க்கலாம். ஒரு பேரங்காடி முதலாளி தன் கல்லாக் கணக்கைக் காட்டி வேலைக்காரர் திருடிவிட்டார் என்கிறபோது, இந்தப் பிரிவின் ஒவ்வொரு சொல்லும் உனக்குக் கேள்வியாகும். கல்லாவில் எத்தனை பேர் ஒரே பாஸ்வேர்டைப் பயன்படுத்தினார்கள்? திருத்தம் போடும் அதிகாரம் யாருக்கு? அந்தத் திருத்தம் எங்கே பதிவாகிறது?

இயந்திரம் ஒழுங்காகத்தான் இயங்கியது என்ற அனுமானம் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு பிரிட்டனின் தபால் நிலைய வழக்குகளைப் படி. நம் 90ஏவுக்கு நெருங்கிய சொந்தம் அவர்களுடைய 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69ஆம் பிரிவு. கம்ப்யூட்டர் சரியாக இயங்கியதைக் காட்டினால்தான் அச்சு உள்ளே வரலாம் என்று அது சொன்னது. வீண் தொல்லை என்று 1999இல் அதை நீக்கிச் சட்டம் இயற்றினார்கள். அதே ஆண்டுதான் தபால் நிலையங்களில் ஹொரைசன் என்ற கணக்கு முறை வந்தது. கணக்கில் பணம் குறைகிறது என்று அது சொன்னது; சிறிய ஊர்களில் தபால் நிலையம் நடத்தியவர்கள் திருடர்கள் ஆனார்கள். 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். அவர்களில் இந்திய வம்சாவளியினரும் பலர். கர்ப்பிணியாகச் சிறைக்குப் போன ஒரு பெண்ணும் உண்டு. மென்பொருளில் பிழைகள் இருந்தன, வெளியிலிருந்து கிளைக் கணக்குகளில் கை வைக்க முடிந்தது என்பதெல்லாம் 2019இல்தான் நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்டது. 2021 ஏப்ரலில் ஒரே நாளில் 39 பேரின் குற்றத் தீர்ப்புகள் ரத்தாயின. 2024இல் தனிச் சட்டமே போட்டு மற்றவர்களில் பலரையும் விடுவித்தார்கள். அந்த வழக்குகளில் எத்தனையோ வழக்கறிஞர்கள், பிழைப் பதிவேட்டைக் கொடு என்று கேட்டார்கள், கொடுக்கப்படவில்லை. கேட்காதவர்களும் இருந்தார்கள், கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று கட்சிக்காரரிடமே சொல்லிக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்தவர்கள். இந்த இரண்டாவது வகையில் நீ சேர்ந்துவிடக் கூடாது.

இனி 114ஏ. 2012 ஜூலை 31 முதல் நடைமுறைக்கு வந்த பிரிவு. இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 14 அன்று, நாட்டின் பல இணையத்தளங்கள் எதிர்ப்புத் தெரிவித்துத் தங்கள் பக்கங்களைக் கறுப்பாக்கின. உன் பெயரோ படமோ புனைபெயரோ உரிமையாளர், நிர்வாகி என்று தெரிகிற பக்கத்தில் ஏதாவது வெளியானால், வெளியிட்டது நீதான் என்று அனுமானம். இணையச் சந்தா உன் பெயரில் இருந்தால், அதன் வழியாக வெளியானதற்கும் நீதான். கம்ப்யூட்டர் உன் கையிலோ கட்டுப்பாட்டிலோ இருந்தாலும் அப்படியே. இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீ.

நான் மேலே சொன்ன ‘யார்’ என்ற இடைவெளியைச் சட்டமே ஒரே வரியில் மூடிவிடுகிற இடம் இது. தோட்டத்து வீடுகளையும் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளையும் உனக்குத் தெரியும். வைஃபை அப்பா பெயரில் இருக்கும். பாஸ்வேர்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். மாமா பிள்ளைகள், வாடகைக்கு இருப்பவர், பக்கத்து வீட்டுப் பையன் எல்லாரும் அதில்தான் இருப்பார்கள். தகவல் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியோ போலீஸோ சந்தாதாரர் யார் என்று கேட்டால் நிறுவனம் அப்பா பெயரைக் கொடுக்கும். அறுபது வயதில் போனில் எழுத்தைப் பெரிதாக்கக் கூடத் தெரியாத மனிதர் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவின் கீழ் நிற்பார்.

அனுமானத்தை உடைக்க எவ்வளவு தேவை? இதற்குப் பதில் 1969லேயே பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது, யுவராஜ் வழக்கில். ‘மாறாக நிரூபிக்கப்படாத வரை’ என்று சட்டம் சொன்னால், குற்றம் சாட்டப்பட்டவர் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்ற அளவுக்குக் காட்டினால் போதும். லஞ்ச வழக்குத் தீர்ப்பு என்று தள்ளிவிடாதே, இப்படி எழுதிய எல்லா அனுமானத்துக்கும் அதுதான் அளவுகோல். கூடவே 2019 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் தந்த அல்மா நுடோ தீர்ப்பையும் வைத்துக்கொள். போதைப்பொருள் சட்டத்தின் 37ஏ பிரிவை, அனுமானத்தின் மேல் அனுமானம் ஏற்ற அனுமதிக்கிறது என்பதற்காக அரசியலமைப்புக்கு முரணானது என்று அதில் செல்லாததாக்கினார்கள். கம்ப்யூட்டர் ஒழுங்காக இயங்கியது என்று ஒரு அனுமானம், அதன் மேல் வெளியிட்டவர் இவரே என்று இன்னொன்று. இந்த அடுக்கை அந்தத் தீர்ப்பின் வெளிச்சத்தில் கேள்வி கேட்கலாம் என்பது என் எண்ணம். நீ ஒருநாள் மூவார் உயர் நீதிமன்றத்தில் வாதிட்டுப் பார்.

உன்னிடம் இப்போது அதிகம் வரப்போவது கெல்டாய் அக்கவுன்ட் வழக்குகள், அதாவது மோசடிப் பணம் போய்வர இரவல் கொடுத்த வங்கிக் கணக்குகள். ஏடிஎம் கார்டையும் பின் எண்ணையும் சில நூறு வெள்ளிக்கு ‘நண்பனின் நண்பனிடம்’ கொடுத்த பையன்கள். 2024இல் பீனல் கோடில் 424ஏ முதலான புதிய பிரிவுகள் சேர்ந்த பிறகு, கணக்கை அடுத்தவர் கையில் கொடுத்ததே குற்றமாகிவிட்டது. அதற்கு முன்பு ஏமாற்றுக் குற்றத்தில்தான் இழுப்பார்கள், இன்னும் இழுக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. கணக்கு அறிக்கை காட்டுவது பணம் வந்து போனதை மட்டும்தான். புகார்தாரரோடு போனில் பேசி ஏமாற்றியது யார், ஏடிஎம்மில் பணத்தை எடுத்தது யார், ஆன்லைன் பரிமாற்றம் எந்தக் கருவியிலிருந்து நடந்தது என்பவை வேறு வேறு பதிவுகளில் இருக்கின்றன: ஏடிஎம் கேமரா, வங்கி செயலியில் பதிந்த கருவியின் அடையாளம், ஓடிபி போய்ச் சேர்ந்த எண். ஐஓ அவற்றை எடுத்தாரா என்று கேள். எடுக்கவில்லை என்றால் ஏன் என்று கேள். அதே நேரம் பையனிடமும் உண்மையைக் கேள்; கார்டைக் கொடுத்தபோது எதற்கு என்று கேட்டானா, கேட்காமல் காசை மட்டும் வாங்கிக்கொண்டானா என்பதில்தான் அவன் வழக்கு நிற்கும் அல்லது விழும்.

தாளைப் படிக்கிற விதத்தில் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஸ்கிரீன்ஷாட்டின் மேலே ஒரு பெயர் இருக்கும். அது அனுப்பியவரின் பெயர் இல்லை. புகார்தாரர் தன் போனில் அந்த எண்ணை எந்தப் பெயரில் சேமித்து வைத்திருந்தாரோ அந்தப் பெயர். நானே உன் எண்ணைப் பிரதமர் என்று சேமித்தால் பிரதமர் எனக்குச் செய்தி அனுப்பியதாகத் தெரியும். எனவே படத்தோடு திருப்தி அடையாதே. போனையே பார்க்க வேண்டும் என்று கேள். முந்தைய செய்திகள் எங்கே, நடுவில் அழித்தவை எவை, எண் எது, அந்த எண் யார் பெயரில் பதிவானது, அந்த நேரத்தில் யார் கையில் இருந்தது. ஒவ்வொன்றும் தனித் தனிப் படி.

அடுத்து நேரம். போனிலிருந்து எடுத்த ஆய்வு அறிக்கைகள் பல நேரம் உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். நாம் அதற்கு எட்டு மணி நேரம் முன்னால். செவ்வாய் அதிகாலை 1.40க்குப் போன செய்தி அறிக்கையில் திங்கள் மாலை 5.40 என்று கிடக்கும். ஆளே வேலையில் இருந்தார் என்று நீ வாதாடப் போகிற நேரம் உண்மையில் அவர் தூங்கப் போகாத நேரமாக இருக்கலாம். அறிக்கையின் முதல் பக்கத்தில் எந்த நேர அளவு என்று எழுதியிருக்கும், அதைப் படிக்காமல் மூன்றாம் பக்கத்துக்குப் போகாதே. கடைக் கேமராக்களின் கடிகாரம் இன்னும் மோசம். மின்சாரம் போய் வந்தால் பழைய தேதிக்குப் போய்விடுகிற பெட்டிகள் உண்டு. பதிவை எடுத்த போலீஸ்காரர் பெட்டியின் நேரத்தையும் தன் கைக்கடிகார நேரத்தையும் ஒப்பிட்டுக் குறித்தாரா? பெரும்பாலும் குறித்திருக்க மாட்டார்.

ஐபி எண் என்று ஒன்றைக் கொண்டுவந்து இதுதான் கட்சிக்காரரின் விலாசம் என்பார்கள். மொபைல் இணையத்தில் நிறுவனங்கள் பொதுவாக ஒரே பொது ஐபியை ஒரே நேரத்தில் பல நூறு பேருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. அவர்களில் ஒருவரைப் பிரித்துக் காட்ட ஐபி மட்டும் போதாது. போர்ட் எண்ணும் நொடி வரைக்குமான நேரமும் வேண்டும். கடிதத்தில் ஐபியும் தேதியும் மட்டும் இருந்தால், நிறுவனம் எப்படி ஒரே ஒரு பெயரைக் கண்டுபிடித்தது என்று அந்தச் சாட்சியைக் கேள்.

கோபுரப் பதிவு ஊர்ப்புறத்தில் இன்னும் தந்திரமானது. நகரத்தில் சில தெருக்களுக்கு ஒரு கோபுரம். செம்பனைத் தோட்டம் சூழ்ந்த உன் பக்கத்தில் ஒரே கோபுரம் பல கிலோமீட்டர் மூடும். அந்த வட்டத்துக்குள் நெடுஞ்சாலையும் விழும், தோட்டமும் விழும், சந்தையும் விழும். போன் எப்போதும் மிக அருகிலுள்ள கோபுரத்தோடுதான் பேசும் என்றும் இல்லை. டென்மார்க்கில் 2019இல் போலீஸ் பயன்படுத்திய மென்பொருளே இந்தப் பதிவுகளைப் பிழையாக மாற்றித் தந்தது தெரியவந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகளைத் திரும்பப் பார்க்க உத்தரவிட்டு, இரண்டு மாதம் தொலைபேசிப் பதிவுகளைச் சாட்சியமாகப் பயன்படுத்துவதையே நிறுத்தி வைத்தார்கள். காவலில் இருந்த முப்பதுக்கும் மேற்பட்டோரை வெளியே விட்டார்கள். தரவு எடுத்துத் தருகிற மென்பொருளும் ஒரு கருவிதான். அதற்கும் குறுக்கு விசாரணை உண்டு.

முகமும் குரலும் வந்தால் மட்டும் தீர்ந்தது என்று நினைக்காதே. லிங்கம் காணொளியை உன் அப்பாவிடம் கேட்டால் சொல்வார். நீதிபதி நியமனங்களைப் பற்றி ஒருவர் போனில் பேசுகிற காட்சி. 2008 ஜனவரியில் அரச விசாரணை ஆணையத்தின் முன் வழக்கறிஞர் வி.கே. லிங்கம், பார்க்க என்னைப் போல இருக்கிறது, கேட்க என்னைப் போல இருக்கிறது என்ற அளவோடு நின்றார். காப்பிக் கடையெல்லாம் சிரித்தது. காணொளி உண்மையானது, அதில் இருப்பவர் அவர்தான் என்று ஆணையம் முடிவு செய்தது. இன்று அதே பதிலை ஒருவர் சொன்னால் சிரிக்க முடியாது. சில நொடிக் குரல் மாதிரி இருந்தால் யார் குரலிலும் பேச வைக்கிற காலம். ஆனால் ஒரு எச்சரிக்கை: ‘இது ஏஐ செய்தது’ என்று ஆதாரமில்லாமல் வீசிவிட்டு உட்கார்வது வழக்கறிஞர் வேலை அல்ல. மூலக் கோப்பு எங்கே, எந்தக் கருவியில் எடுத்தது, எத்தனை கை மாறி வந்தது என்று கேள். வாட்ஸ்ஆப் வழியாக வந்த படத்தில் எடுத்த இடம், நேரம் போன்ற உள்விவரங்கள் உதிர்ந்து போயிருக்கும்.

இனி உனக்கே குழி வெட்டக்கூடிய ஒரு பிரிவு. 90ஏ(7). குற்றம் சாட்டப்பட்டவர் எந்தக் கம்ப்யூட்டரை நிர்வகித்தாரோ, எந்த ஆவணம் உருவானதில் நேராகவோ மறைமுகமாகவோ அவர் கை இருந்ததோ, அதை அவர் தரப்பில் கிரிமினல் வழக்கில் சாட்சியமாகக் கொடுக்க முடியாது. யோசித்துப் பார். உன் கட்சிக்காரர் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். சம்பவ நேரத்தில் கடையில்தான் இருந்தார் என்பதற்கு அவருடைய கடைக் கேமராவே சாட்சி. அதைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினால் டிபிபி இந்தப் பிரிவைக் காட்டி எழுந்து நிற்பார். அரசுத் தரப்பு அவருடைய போனை உடைத்து எடுத்ததெல்லாம் உள்ளே வரலாம், அவர் தன்னைக் காக்கக் கொண்டுவருவது வராது. நியாயமா என்று என்னைக் கேட்காதே. எனக்கு நியாயமாகத் தெரியவில்லை.

எனவே எதிர்த் தடயத்தை எப்போதும் மூன்றாம் ஆளின் கருவியில் தேடு. எதிர்க் கடையின் கேமரா, டோல் நிறுவனத்தின் பதிவு, வங்கியின் பதிவு, வேலையிடத்துக் கைரேகை வருகைக் கருவி. இவை காத்திருக்காது. கடைக் கேமராப் பெட்டிகள் சில வாரங்களில், சின்னப் பெட்டியானால் சில நாட்களில், பழையதின் மேலேயே புதியதை எழுதிவிடும். ஐஓ தன் வழக்குக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போவார்; உனக்கு வேண்டியதை அவர் எடுக்க மாட்டார். கட்சிக்காரர் உன்னிடம் வந்த அன்றே, கட்டணம் பேசி முடிவதற்குள், யார் யாரிடம் பதிவு இருக்கும் என்று ஒரு பட்டியல் போட்டு, அழித்துவிடாமல் வைத்திருங்கள் என்று கடிதம் கொடு. நகலில் வாங்கியதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள். பிறகு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்திடம் கேட்கலாம்.

51ஏயின்படி அரசுத் தரப்பு தாக்கல் செய்யப்போகிற ஆவணங்களை விசாரணைக்கு முன்பே உனக்குத் தர வேண்டும். ஆனால் போன் ஆய்வில் பல்லாயிரம் பக்கம் இருந்தால், அதில் அவர்களுக்குப் பிடித்த பன்னிரண்டு பக்கம்தான் வரும். முழு ஆய்வையும் கேட்டு எழுது. மிரட்டல் செய்திக்கு முன்னால் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது என்ன என்பது விட்டுப்போன பக்கத்தில்தான் இருக்கும்.

லோக்கப்புக்கு நீ தேசியச் சட்ட உதவி அறக்கட்டளையான ஒய்பிஜிகே மூலம் போகும்போது கட்சிக்காரர் கேட்கிற முதல் கேள்வி, போன் பாஸ்வேர்டைக் கொடுக்கலாமா என்பது. அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 116பி, இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரி சோதனை நடத்தும்போது பாஸ்வேர்டு உட்பட அணுகும் வழியைத் தர வேண்டும் என்கிறது. மறுத்துவிடு என்று வீரம் பேசிவிட்டு வந்துவிடாதே, ரிமாண்ட் நாட்களை உள்ளே கழிப்பது அவர். எப்போது கொடுத்தார், யாரிடம், அப்போது போன் மூடி முத்திரையிட்ட நிலையில் இருந்ததா என்பதைக் குறித்துக்கொள். வெளியே இருக்கும் தம்பி, வேறு போனிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிடட்டுமா என்று உன்னிடம் கேட்டால் கூடாது என்று அங்கேயே சொல். பீனல் கோடு 204 அவனுக்காகக் காத்திருக்கிறது, அறிவுரை சொன்ன உனக்கும் சேர்த்து.

முத்திரையைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஸ்டான் சாமியை நினைத்துத்தான். திருச்சிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடி மக்களோடு வாழ்ந்த ஏசு சபைப் பாதிரியார். மாவோயிஸ்டுகளோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டில், பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று கைது செய்யப்பட்டு, 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், ஜாமீன் கிடைக்காமலே காவலில் இறந்தார். அவர் கம்ப்யூட்டரில் இருந்ததாகச் சொல்லப்பட்ட கோப்புகள்தான் அவர்மேல் இருந்த முக்கியமான ஆதாரம். வழக்கறிஞர்கள் அந்த வட்டின் நகலை அமெரிக்காவின் அர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். 2014 முதலே யாரோ வெளியிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குள் புகுந்திருந்தார்கள், கோப்புகளை உள்ளே வைத்தார்கள், போலீஸ் வந்து எடுத்துச் செல்வதற்கு முந்தின நாள், 2019 ஜூன் 11 அன்று, தங்கள் தடங்களைத் துடைத்தார்கள் என்று 2022 டிசம்பரில் வெளியான அறிக்கை சொன்னது. இந்தியாவின் தேசியப் புலனாய்வு முகமையான என்ஐஏ இந்த அறிக்கையை ஏற்கவில்லை. அவர் இறந்து ஒன்றரை ஆண்டு கழித்து வந்த அறிக்கை. கோப்பு கம்ப்யூட்டரில் இருந்தது என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை என்பதைக் கவனி. அதை அங்கே வைத்தது யார் என்பதுதான் வழக்கு.

அந்த ஆய்வு நடக்க முடிந்ததற்குக் காரணம் நகல் கையில் இருந்தது. கருவியைக் கைப்பற்றிய உடனே பிட் பிட்டாக நகல் எடுத்து, அதன் ஹேஷ் மதிப்பைக் குறித்து வைத்தால், பின்னால் ஒரு எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு வேறாகிவிடும். இந்தியாவின் புதிய சாட்சியச் சட்டம், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது, தன் சான்றிதழ்ப் படிவத்திலேயே ஹேஷ் மதிப்பை எழுதச் சொல்கிறது. நம் 90ஏவில் அப்படி ஒரு சொல் கிடையாது. சட்டம் கேட்காவிட்டாலும் நீ கேட்கலாம். கைப்பற்றிய பட்டியலில் ஹேஷ் இருக்கிறதா, போன் சிக்னல் புகாத பையில் போனதா, கைப்பற்றிய நேரத்துக்கும் ஆய்வு தொடங்கிய நேரத்துக்கும் நடுவே அது யார் மேசையில் கிடந்தது.

நீ எப்போதும் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கமே நிற்கப்போவதில்லை. இணையத்தில் தன் பெயரைக் கெடுத்தவனைப் பிடித்துத் தாருங்கள் என்று ஒரு பெண் அழுதுகொண்டு வருவார். அவருக்காகச் சென்னையின் சுஹாஸ் கட்டி வழக்கைப் படி. விவாகரத்தான ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதி, அவர் எண்ணையும் போட்டுவிட்ட வழக்கு. 2004 நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் தண்டித்தது. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் அதுதான் முதல் தண்டனை என்பார்கள். அந்த வழக்கில் நாவி என்று அறியப்படும் விஜயசங்கர், இணையத்தில் இருந்த பக்கத்தைத் தானே பார்த்து, எப்படி எடுத்தேன் என்று எழுதிச் சான்றளித்தார். பதிவு அழிவதற்கு முன்பே, முறையாக, வழக்கில் பங்கில்லாத ஒருவர் எடுத்தார். உன்னிடம் வருகிற பெண்ணிடம் முதலில் சொல்ல வேண்டியதும் அதுவே: கோபத்தில் அந்த எண்ணைப் பிளாக் செய்து உரையாடலை அழித்துவிட வேண்டாம், ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்துக்கொண்டு போனை மாற்றிவிட வேண்டாம், போலீஸ் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது போனையும் கொண்டுபோகட்டும்.

இவ்வளவும் நீ ஒருத்தியாகப் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். அரசுத் தரப்புக்கு சைபர்செக்யூரிட்டி மலேசியாவும் போலீஸ் ஆய்வகமும் இருக்கின்றன. தோட்டத்துப் பையனுக்குத் தனி நிபுணர் வைக்கக் காசு இருக்காது. பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகம் உனக்குப் பக்கத்துக் கம்பம் மாதிரி. அங்கே கணினித் துறையில் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கிற விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். வழக்கு வருவதற்கு முன்பே ஒருநாள் போய் அறிமுகம் செய்துகொள். நிபுணர் சாட்சியாக வாருங்கள் என்று எடுத்த எடுப்பில் கேட்காதே, பயந்துவிடுவார்கள். ஒரு பழைய போனைக் கொண்டுபோய், இதிலிருந்து எப்படி எடுப்பீர்கள், ஹேஷ் எப்படிப் போடுவீர்கள், அறிக்கையில் நேரம் எந்தக் கணக்கில் வருகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார். பார்த்ததை எனக்கும் எழுது. போன மாதம் இங்கே ஒரு ஆய்வு அறிக்கையில் ஒரே செய்திக்கு இரண்டு நேரம் இருந்தது. எது சரி என்று டிபிபிக்கும் தெரியவில்லை, எனக்கும் இன்னும் தெரியவில்லை.

அன்புடன்,
உன் மூத்த வழக்கறிஞர்